கொதிக்க வைக்காத தோல்

ஜனவரி 12

அன்புள்ள வாலுவுக்கு,

உன் அண்ணி எழுதுவது. நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? ஹாஸ்டல் சாப்பாடு இன்னும் ரப்பர் மாதிரிதான் இருக்கிறதா?

போன் எடுக்கவில்லை என்று கோபப்படாதே. நீ “அண்ணி” என்று கூப்பிட்டதும் உன் அண்ணன் குரல் வந்துவிடுகிறது. மூக்கால் பேசுவது உங்கள் குடும்பச் சொத்து. உடனே நீ அழுவாய், நான் அழுவேன், கடையில் ஜூஸுக்கு வந்தவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கடிதம் என்றால் அழுதுவிட்டு, முகம் கழுவிவிட்டு எழுதலாம். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் கை இப்படித்தான் ஓடும்.

கடையைத் திறந்துவிட்டேன். எதிர் பஸ் டிப்போவில் ஒரு டிரைவர், வெளியூர் வண்டிக்குப் போயிருந்தவர் போலிருக்கிறது, விஷயம் தெரியாமல், “அண்ணன் எங்கே?” என்று கேட்டார். “இல்லைங்க” என்றேன். “எப்ப வருவார்?” என்றார். நான் மிக்ஸியைப் போட்டுவிட்டேன். அந்தச் சத்தத்தில் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

உன் அண்ணன் ஆரஞ்சுத் தோலை அறுபடாமல் ஒரே சுருளாக உரிப்பாரே, எனக்கு அது வரவில்லை. துண்டு துண்டாகத்தான் வருகிறது. நீ ஆராய்ச்சிக்குக் கேட்ட தோலும் அதனால் துண்டாகத்தான் இருக்கும். மாடியில் நிழலில் காய வைத்தேன். பக்கத்துக் கடை தையற்காரியும் அவள் புருஷனும் இரண்டு பெண்களும் வந்து அள்ளிக் கொடுத்தார்கள். மிஞ்சின துணியில் அவளே பையும் தைத்தாள். “குப்பைக்குக்கூடப் பை தைக்கச் சொன்ன முதல் ஆள் நீதான்டி ஜூஸ்காரி” என்றாள். “குப்பை இல்ல, ஆராய்ச்சி” என்றேன். “ஆராய்ச்சின்னா ஜிப் வைக்கணுமே” என்று ஜிப்பும் வைத்துவிட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணி


பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு எழுதுகிறேன். இங்கே சுகம். சாப்பாடு ரப்பரிலிருந்து அட்டைக்கு முன்னேறியிருக்கிறது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை மிஞ்சின ஜூஸையே குடித்துப் படுத்துவிடுகிறீர்களா?

பை வந்தது. ஜிப்பைத் திறந்ததும் ஆய்வுக்கூடம் முழுக்க நம் கடை வாசனை. வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன். “என்ன, கண்ணுல தோல் சாறு பட்டுடுச்சா?” என்று எங்கள் மேடம் கேட்டார். ஆமாம் மேடம் என்றேன்.

குப்பையை என்னதான் செய்வாய் என்று கேட்பீர்கள். பழத்துக்குக் காவல் அதன் தோல்தான். பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் இருக்கக் கசப்பும் வாசனையுமாகச் சில பொருள்களைத் தோல் தானே செய்துகொள்கிறது. அவற்றில் சில, புற்றுநோய்ச் செல்களை வளரவிடாமல் தடுக்கலாம் என்று பல ஊர்களில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்களும் பார்க்கிறோம். தோலை அரைத்து, சாராயம் மாதிரி ஒரு திரவத்தில் ஊற வைத்து, வற்ற வைத்தால் பழுப்புப் பிசின் ஒன்று மிஞ்சும். அண்ணனுக்கு ஈரலில் வந்ததே, அந்த வகைச் செல்களைக் குழித் தட்டுகளில் வளர்த்து, அவற்றின் மேல் இந்தப் பிசினைக் கரைத்து விடுகிறோம். கடைசியில் மஞ்சள் நிற மருந்து ஒன்றை ஊற்றுவோம். செல் உயிரோடு இருந்தால் அது ஊதாவாகிவிடும். செத்திருந்தால் மஞ்சளாகவே நிற்கும்.

ஆக, உங்கள் வாலு இங்கே மஞ்சளுக்காகத் தவம் கிடக்கிறாள். ஜூலையில் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற மேலிடத்துக்காரர்கள் எங்கள் வேலையைப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் ஒன்றும் தேறவில்லை என்றால் மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள்.

தையல் அக்காவுக்கு ஜிப்புக்காகத் தனி நன்றி.

உங்கள் வாலு


மார்ச் 16

அண்ணி! மஞ்சள்!

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமையில்லை, மன்னியுங்கள். வரிசை வரிசையாக மஞ்சள். பக்கத்துத் தட்டில் இருந்த நல்ல செல்கள் ஊதா! கெட்டதைக் கொன்று நல்லதைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. நான் கத்தின கத்தில் பக்கத்து அறையில் ஒருவர் குடுவையைக் கீழே போட்டுவிட்டார். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். “எந்தக் கடை ஆரஞ்சு?” என்றார். எங்கள் அண்ணி கடை என்றேன். நம் கடைத் தோல், அண்ணி!

அண்ணன் இருந்தபோதே இது தெரிந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

இதே முடிவு மறுபடியும் வந்தால்தான் நம்புவார்கள். தோல் நிறைய வேண்டும். அவசரமில்லை, முடிகிறபோது அனுப்புங்கள்.

உங்கள் வாலு


ஏப்ரல் 7

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைக் கடையில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் படித்துக் காட்டினேன். டிப்போக்காரர்கள் கை தட்டினார்கள். ஒருவர் ஜூஸைக் குடித்துவிட்டுத் தோலையும் கேட்டு வாங்கிப் போனார். உன் அண்ணன் இருந்திருந்தால் கடை வாசலில் போர்டே எழுதி வைத்திருப்பார். நீ கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அவர் இருந்தபோதே தெரிந்திருந்தால் என்று. அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். எனக்கில்லை, தையற்காரிக்கு. அவளுக்கு இடது மார்பில் ஒரு கட்டி. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதாம். ஆரஞ்சு விதையைவிடக் கொஞ்சம் பெரிது. வலி ஒன்றும் இல்லை. நகர்த்தினாலும் நகரவில்லை. நம் தோலைக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரைக் குடித்தால் போதுமா, அரைத்துத் தின்ன வேண்டுமா, வெறும் வயிற்றிலா என்று கேட்கச் சொன்னாள். யாரிடமும் சொல்லாதே, கூச்சப்படுகிறாள்.

கடை நன்றாகப் போகிறது. தோலுக்குக் குறைவில்லை.

அண்ணி


ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். வேலைதான் கழுத்தை நெரிக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

தையல் அக்காவை உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். தோல் தண்ணீர் கட்டிக்கு மருந்தில்லை. நான் சந்தோஷத்தில் துள்ளியது தட்டில் நடந்ததற்கு. தட்டு வேறு, உடம்பு வேறு. தட்டில் சோப்புத் தண்ணீரை ஊற்றினாலும் செல் செத்துத்தான் போகும், அதற்காக யாராவது சோப்புத் தண்ணீர் குடிப்பார்களா? தோலில் இருப்பது வயிற்றுக்குள் போய், செரித்து, ரத்தத்தில் கலந்து, கட்டி வரைக்கும் போய்ச் சேருமா, சேர்ந்தாலும் ஏதாவது செய்யுமா என்று யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க எனக்குத் தலை நரைத்துவிடும்.

பெரும்பாலான கட்டிகள் ஒன்றுமில்லாத கட்டிகள்தான். ஆனால் அதை டாக்டர் சொல்ல வேண்டும், அக்காவின் விரல் சொல்லக் கூடாது. நான் திட்டினேன் என்றே சொல்லுங்கள்.

தோலுக்குக் காத்திருக்கிறேன்.

உங்கள் வாலு


மே 20

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுவது. உனக்கு இருமல் என்று எழுதாததால் நன்றாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இத்துடன் பெரிய பை. தையற்காரி இந்தத் தடவை இரண்டு ஜிப் வைத்திருக்கிறாள். வாசனை கொஞ்சம் குறைவாக இருந்தால் பொறுத்துக்கொள். வெயில் அதிகம், அதனால் இருக்கும்.

நீ சொன்னதை அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் போகிற மாதிரித் தெரியவில்லை. “நடந்து உள்ளே போன மனுஷனைத் தூக்கிட்டுத்தானே வந்தோம்” என்கிறாள். உன் அண்ணனைச் சொல்கிறாள். அந்த வாசலில் நோயின் பெயர் எழுதின போர்டைப் பார்த்தாலே தெருவின் மறுபக்கம் மாறிப் போய்விடுகிறாளாம். அந்தத் தரை துடைக்கிற மருந்து வாசனை மூக்கில் ஏறினால் அந்த நாளெல்லாம் சோறு இறங்காதாம். உள்ளே போனால் பெயர் வைத்துவிடுவார்கள், பெயர் வைத்துவிட்டால் அது போகாது என்கிறாள். வெளியிலேயே இருந்தால் அது வெறும் கட்டிதானே. நான் என்ன சொல்ல? கூடப் போக அவளுக்குத்தான் யார் இருக்கிறார்கள்?

போர்டு எழுத ஆள் வந்தால் உன் பெயரைப் போடலாமா என்று யோசிக்கிறேன். ஆராய்ச்சிக்குத் தோல் தரும் கடை என்று.

அண்ணி


ஜூன் 25

அண்ணி,

நீங்கள் சுகமா? இதற்கு நேராகப் பதில் வேண்டும். ஏனென்று கடைசி வரை படியுங்கள்.

இத்தனை நாள் நான் எழுதாததற்குக் காரணம் வெட்கம். உங்கள் இரண்டாவது பை வந்தது, பிசின் எடுத்தோம், தட்டில் விட்டோம். ஊதா. மறுபடி செய்தேன். ஊதா. ஒரு செல்கூடச் சாகவில்லை. முதல் தடவை வந்தது ஏதோ கைப்பிசகு என்று பேச்சு கிளம்பிவிட்டது. மேடம் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் தராசைச் சந்தேகப்பட்டேன், மருந்தைச் சந்தேகப்பட்டேன், என் கையைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பையிலிருந்து ஒரு தோலை எடுத்து ஒடித்து முகர்ந்தேன். வாசனை குறைவு இல்லை அண்ணி, வாசனையே இல்லை. நாக்கில் வைத்தேன். கசக்கவில்லை. நனைந்து காய்ந்த காகிதம் மாதிரி இருந்தது.

கடையில் ஆரஞ்சு வாங்கிப் பாதித் தோலைக் கொதிக்க வைத்துக் காய வைத்தேன், பாதியைச் சும்மா காய வைத்தேன். கொதித்த பாதி அச்சு அசல் நீங்கள் அனுப்பியது மாதிரியே இருந்தது. தட்டில் விட்டால் அதே ஊதா.

யாரோ சாற்றை இறக்கிக்கொண்டு சக்கையை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். யார் குடித்தார்கள் என்று உங்கள் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் கடிதத்தில் “நான் நலம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு ஒன்றிலும் இல்லை. என் நலத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள். பிறகு, தையல் அக்காவுக்குக் கூடப் போக யார் இருக்கிறார்கள் என்று கேட்டீர்களே, தோல் அள்ளிக் கொடுத்த புருஷனும் இரண்டு பெண்களும் எங்கே போனார்கள்?

உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. தையல் அக்காவுக்குப் போட்டேன்.

“அக்கா, உங்க கட்டி எப்படி இருக்கு?”

“எந்தக் கட்டி?”

“மார்புல...”

“எனக்கா? ஏம்மா, எனக்கு எதிரிங்க இருக்கறது தெரியும், அது நீன்னு தெரியாதே!”

பிறகு அவரே சொன்னார். “போன மாசம் நாலு சட்டையைக் கொடுத்து இடப்பக்கம் உறுத்துது, கொஞ்சம் பிரிச்சு விடுன்னா. சதை போட்டுட்டியாடின்னு கிண்டல் பண்ணேன்.”

அண்ணி, அண்ணனைக் கொன்றது அந்தக் கட்டடம் இல்லை. வயிற்றுவலி, வாய்வு என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுத் தாமதமாகப் போனதுதான். உங்களோடது விதையளவில் இருக்கிறது. விதையை எடுத்துவிடலாம். பெயர் வைத்தால் போகாது என்றீர்களே, பெயர் தெரிந்தால்தான் அதை எதைக் கொண்டு அடிப்பது என்று தெரியும்.

இது தோல் கேட்டு எழுதும் கடிதம் இல்லை. ஆராய்ச்சியை மூடினால் மூடட்டும். எனக்கு அண்ணன் இல்லை. அண்ணியும் இல்லை என்று ஆக்கிவிடாதீர்கள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் வருவதற்கு முன்னால் நீங்களே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் ஆயுசுக்கும் உங்கள் பேச்சைக் கேட்பேன்.

வாலு


ஜூலை 2

வணக்கம்மா வாலு,

கட்டியில்லாத தையற்காரி எழுதுகிறேன். சட்டை அளவைத் தவிர நான் வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் அனுசரித்துப் படித்துக்கொள். நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். என் குடும்பமும் அப்படியே.

உன் கடிதம் வந்த காலையில் உன் அண்ணி அதைக் கையில் வைத்துக்கொண்டு என் மெஷின் எதிரில் வந்து நின்றாள். நான் ஊசியை நிறுத்தினேன்.

“உன் பேர்ல பொய் சொல்லிட்டேன்” என்றாள்.

“அது கிடக்கட்டும், செருப்பைப் போடு” என்றேன்.

ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நன்றாக வந்தாள். போர்டைப் பார்த்ததும் மாடு மாதிரி நின்றுவிட்டாள். கையைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. வந்தவர்கள் எல்லாம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“இங்கேதான் அவரு செருப்பைக் கழட்டி என் கையில கொடுத்தாரு. சும்மா டெஸ்ட்தான், வந்துடறேன்னாரு” என்றாள்.

நானும் அழுதால் யார் இழுப்பது? “நீ உள்ள போகலைன்னா உன் சட்டை எல்லாத்தையும் பொம்மைச் சட்டையா வெட்டிடுவேன், அப்புறம் எதைப் போட்டுட்டுக் கடையைத் திறப்பே?” என்றேன். அழுகையோடு சிரித்துவிட்டாள். சிரித்தால் அவளுக்கு உடம்பு இளகிவிடும். அந்த இடைவெளியில் தள்ளிவிட்டேன்.

லேடி டாக்டர், நல்ல மாதிரி. “இவ்வளவு நாளா என்ன பண்ணீங்க?” என்றார். “தோல் தண்ணி குடிச்சேன்” என்றாள் உன் அண்ணி, திருடி மாதிரி. டாக்டர் திட்டுவார் என்று பார்த்தேன். “வீடு வாசனையா இருந்திருக்கும். ஆனா இது வாசனைக்குப் பயப்படற ஆளில்லையே” என்று சொல்லிவிட்டு ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பியிருக்கிறார். முடிவு வர வேண்டும்.

நீ கிளம்பி வா. அதுவரை அவள் என் வீட்டில்தான் படுக்கிறாள். என் புருஷன் விடும் குறட்டைக்கு அவளுக்குக் கவலைப்பட நேரமிருக்காது.

தையற்காரி


ஆகஸ்ட் 24

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுவது. நல்லபடி போய்ச் சேர்ந்தாயா? நீ மறந்துவிட்டுப் போன சீப்பு இங்கே இருக்கிறது. எனக்கு இனி கொஞ்ச நாளைக்கு அது வேண்டாம் என்பதால் வேண்டுமென்றே விட்டுப் போனாயோ என்று தையற்காரி கேட்கிறாள்.

நீ கூட இருந்தபோது சொல்லாததை எழுதுகிறேன். எதிரில் சொன்னால் அழுவாய். முடிவு வந்த அன்று, கெட்ட கட்டிதான் என்று டாக்டர் சொன்னபோது, நீ என் கையை நசுக்கினாய். நான் பயந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. டாக்டர் அடுத்துச் சொன்னது உன் காதில் விழுந்ததா என்றுதான் உன் முகத்தைப் பார்த்தேன். “சின்னதா இருக்கறப்பவே வந்துட்டீங்க” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நானும் உன் அண்ணனும் அந்த ஆஸ்பத்திரிப் பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். அவருக்கு அது கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது.

அதே பெஞ்ச்தான். ஒரு கால் ஆடுகிறது, இன்னும் சரி செய்யவில்லை. உட்காருகிறவர்களுக்கு நான் சொல்லிவிடுகிறேன், சுவர்ப் பக்கம் உட்காருங்கள் என்று.

ஆபரேஷன் புண் ஆறிவிட்டது. மருந்து ஏற்றிய மூன்றாவது வாரம் முடி கொத்தாக வந்தது. மிச்சத்தை நானே வழித்துவிட்டேன். என் தலை இப்போது உரித்த ஆரஞ்சு. டிப்போக்காரர்கள் முதல் நாள் தரையைப் பார்த்துக்கொண்டு ஜூஸ் குடித்தார்கள். “தோலை ஆராய்ச்சிக்கு அனுப்பியாச்சு” என்று தலையைத் தடவிக் காட்டினேன். சிரித்த சிரிப்பில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது.

சக்கையை ஏன் அனுப்பினாய் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தண்ணீர் எனக்கு, தோல் உனக்கு, ஒரே தோல் இரண்டு பேரையும் காப்பாற்றட்டும் என்று நினைத்தேன். தூக்கிப் போட மனசு வரவில்லை. அதனால் உன் வேலை போய்விடுமோ என்ற பயம்தான் இப்போது எனக்கு. அவர்கள் வந்து பார்த்தார்களா? என்ன சொன்னார்கள்? நீ வாயே திறக்கவில்லை. நோயாளியிடம் மறைப்பது எங்கள் பரம்பரை வழக்கம், நீ பழகாதே.

அண்ணி


அக்டோபர் 11

என் அன்பு அண்ணிக்கு,

வாலு நலம். மொட்டைத் தலைக்குத் தினமும் எண்ணெய் தடவுகிறீர்களா? வாய்ப்புண் ஆறியதா? தையல் அக்கா வீட்டுக் குறட்டை எப்படி?

மறைக்கவில்லை, முடிவு தெரியாமல் எழுத வேண்டாம் என்றிருந்தேன். நான் உங்களோடு இருந்தபோது மேலிடத்துக்காரர்கள் வந்துவிட்டுப் போய்விட்டார்கள். மேடம் தனியாகவே அவர்கள் முன்னால் நின்றார். என்ன செய்தார் தெரியுமா? நீங்கள் அனுப்பிய இரண்டு பைகளையும் மேஜையில் வைத்தாராம். ஒரு ஜிப், இரண்டு ஜிப்.

“இது கொதிக்காத தோல், செல்லைக் கொன்னுது. இது கொதிச்ச தோல், கொல்லலை. ரெண்டும் ஒரே கடை, ஒரே பழம். அப்ப முதல் தடவை வந்தது கைப்பிசகு இல்லை. தோலுக்குள்ள என்னமோ இருக்கு, கொதிச்சா அது வெளியே போயிடுது” என்றாராம்.

உங்கள் சக்கைதான் அண்ணி எங்களுக்குச் சாட்சி! இப்படி ஒப்பிட்டுப் பார்க்க நாங்களே ஒரு நாள் கொதிக்க வைத்திருக்க வேண்டும். யாருக்கும் தோன்றவில்லை. “யார் கொதிக்க வைக்கச் சொன்னது?” என்று ஒருவர் கேட்டாராம். “எங்க வாலுவோட அண்ணி” என்றாராம் மேடம். என் செல்லப் பெயர் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று புரியவில்லை. தையல் அக்கா வேலையாகத்தான் இருக்கும், இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்கிறார்கள்.

நம் வேலை மூன்று வருடம் நீட்டிக்கப்பட்டுவிட்டது. ஊரிலிருந்து திரும்பியதும் நான் இங்கேயே வாங்கிய பழத்தில் மறுபடி செய்து பார்த்தேன். மஞ்சள். வேறொரு ஆய்வுக்கூடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் செய்தார். அங்கேயும் மஞ்சள்!

ஆனால் கேளுங்கள், இன்னும் இது மருந்தில்லை. எலி வரைக்கும்கூடப் போகவில்லை. உங்களைக் காப்பாற்றுவது அந்த லேடி டாக்டரின் கத்தியும் ஊசியும். இதைக் கடைப் போர்டில் பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்கள். தோல் தின்னக் கேட்கிற டிரைவருக்கும் சொல்லுங்கள்.

கடைசி ஊசி எப்போது என்று எழுதுங்கள்.

உங்கள் வாலு


டிசம்பர் 18

அன்புள்ள வாலுவுக்கு,

உன் அண்ணி எழுதுவது. நீ நலமா? குளிருக்குக் காதைக் கட்டிக்கொள். உங்கள் குடும்பத்துக்கு மூக்கும் காதும்தான் முதலில் படுக்கும்.

போர்டு மாட்டியாகிவிட்டது. “இங்கு ஜூஸ் கிடைக்கும். கட்டி இருந்தால் டாக்டரிடம் போகவும்.” டிப்போக்காரர்கள் ஜூஸ் கடையா கிளினிக்கா என்று கேட்டார்கள். ஆனால் போன வாரம் கண்டக்டர் ஒருவர் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். அந்தப் பெண் ஜூஸ் கேட்கவில்லை. போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எந்தப் பக்கம்?” என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. கடையைத் தையற்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, நானே கூட்டிக்கொண்டு போனேன். அந்த வாசலில் அவள் நின்றுவிட்டாள், நான் நின்ற அதே இடத்தில். நான் தலைத்துணியை எடுத்துவிட்டுக் காட்டினேன். எலிக்குஞ்சு மாதிரி முடி முளைத்திருக்கிறதே, அதை. “உள்ள போனேன், வெளியே வந்தேன், பாரு” என்றேன். வந்தாள். டாக்டர் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லாத கட்டி என்றார். கண்டக்டர் திரும்பி வந்து ஒரு கிளாஸ் கேட்டார், ஆனால் அவர் கை நீட்டுவதற்குள் மனைவி வாங்கிக் குடித்துவிட்டாள்.

தையற்காரி எனக்குப் புதுச் சட்டை தைத்திருக்கிறாள். அளவெடுக்கும்போது இடப்பக்கம் வந்ததும் அவள் டேப் கொஞ்சம் தயங்கியது. “இருக்கறதை அள, இல்லாததை ஏன் தேடறே?” என்றேன். ஆரஞ்சு நிறத்தில் துணி. உன் அண்ணன் போன பிறகு நான் நிறமே போடவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், பழம் மாதிரிதான் இருக்கிறேன். அவருக்குப் பிடித்திருக்கும். கொஞ்சம் அழுதேன், பிறகு கடையைத் திறந்தேன்.

இத்துடன் பை. மூன்று ஜிப். உள்ளே ஒரு சீட்டு இருக்கும்: “இந்தத் தோல் கொதிக்க வைக்கப்படவில்லை. கண்ணால் பார்த்த சாட்சி, தையற்காரி.” அவள் புருஷனும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். துண்டுகளுக்கு மேலே ஒரு தோல் மட்டும் தனியாக, நீளமாக, அறுபடாமல் இருக்கும். அதை அரைத்துவிடாதே, உன் மேஜையில் வை. எனக்கு வந்துவிட்டது.

கடைசி ஊசியும் முடிந்துவிட்டது. நேற்று ஆஸ்பத்திரியில் எல்லாப் படமும் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். எனக்கென்ன தெரியும், எலும்புதான் தெரிந்தது. “எதுவுமே இல்லைங்க, அதைத்தான் பார்க்கச் சொன்னேன்” என்றார்.

கடிதத்தின் தலையில் எழுத வேண்டியதைக் காலில் எழுதுகிறேன். நேராகப் பதில் வேண்டும் என்று கேட்டாயே.

நான் நலம்.

உன் அண்ணி